15 வயது மகள், வியாழக்கிழமை கொன்பரன்ஸ்: போறதோ, விடுறதோ?

மூன்றாம்மாடி | ஞாயிறு, இரவு 11.40

மூண்டு நாளா எழுதுறதும் அழிக்கிறதுமா இருக்கிறன். ஆரெண்டு மட்டும் கண்டுபிடிக்கப் பாக்காதேங்கோ.

நாங்கள் இங்கிலாந்தில. மகளுக்கு 15, இயர் 10. மகனுக்கு 9. மூண்டு கிழமைக்கு முந்தி, போனில வந்த பிரச்சினையில இவர் சார்ஜர் வயரால மகளுக்கு அடிச்சுப்போட்டார். ரெண்டு அடி. முழங்கைக்குக் கீழ தடிச்சுப்போச்சு. அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில டீச்சர் கண்டு கேக்க, எல்லாத்தையும் கொட்டிப்போட்டாள். சோசல் வேர்க்கர் அங்கயே வச்சு அவளோட தனியக் கதைச்சிட்டா. எங்களுக்கு போன் வந்தது பின்னேரம் நாலு மணிக்கு. அதுவரைக்கும் நான் ஒண்டும் தெரியாம வேலையில நிண்டு சிரிச்சுக் கதைச்சுக்கொண்டிருந்தனான்.

அண்டிரவே வீட்டுக்கு வந்தவை. சேஃப்டி பிளான் எண்டு ஒரு கடதாசி. இவர் கொஞ்ச நாளைக்கு வெளியில நிக்கோணுமாம். கையெழுத்து வச்சிட்டு இப்ப தம்பியார் வீட்டில நிக்கிறார். பொலிசும் ஒருக்கா கூப்பிட்டது. முடிவு இன்னும் சொல்லேல்லை. இப்ப வந்த கடிதத்தில செக்சன் 47 எண்டு போட்டு, வியாழக்கிழமை இனிஷியல் சைல்ட் புரொடெக்சன் கொன்பரன்ஸ், பிள்ளையின்ர பாதுகாப்புப் பற்றின முதல் கூட்டம், எண்டு கிடக்கு.

இவர் வரமாட்டன் எண்டு நிக்கிறார். என்ர பிள்ளையைக் கண்டிச்சதுக்கு பத்துப் பேருக்கு முன்னால கைகட்டி நிக்கிறதோ எண்டு கேக்கிறார். தம்பியார் சொல்லுறார், அடிச்சதெண்டே சொல்லாதேங்கோ, அவள் போனுக்காகப் பொய் சொன்னவள் எண்டு நில்லுங்கோ எண்டு. மகள் எனக்கு முகம் குடுத்துக் கதைக்கிறாளில்லை.

பிள்ளையை எங்களிட்ட இருந்து கூட்டிக்கொண்டு போயிடுவினமோ? மகனையும் சேத்தோ?

சாம்பல்நிறம் | ஞாயிறு, இரவு 11.58

அக்கா, உங்கட மைத்துனர் சொல்லுறது சரி. இவையோட கதைக்கிற ஒவ்வொரு சொல்லும் எழுத்தில போகும். பேந்து அதையே தூக்கிக் காட்டுவினம். எனக்குத் தெரிஞ்ச ஒரு குடும்பம் எல்லாத்துக்கும் "சொறி, சொறி" எண்டு சொல்லித்தான் மாட்டுப்பட்டது. வாயை மூடிக்கொண்டு இருங்கோ. ஒண்டிலும் கையெழுத்து வைக்காதேங்கோ.

நைட்ஷிப்ட்_அப்பா | திங்கள், காலை 6.20

வேலையால வந்து பாக்கிறன். தங்கச்சி, முதல்ல ஒரு தேத்தண்ணி குடியுங்கோ.

சாம்பல்நிறம், நீர் சொல்லுறதில ஒரு பாதி சரி, மற்றப் பாதி பயங்கரப் பிழை. தழும்பைக் கண்ட டீச்சர் இருக்கிறா, படம் எடுத்திருப்பினம், டொக்டர் பாத்திருப்பார். அதுக்குப் பிறகும் "பொய் சொல்லுறாள்" எண்டு தாய் தகப்பன் நிண்டால் அந்தப் பிள்ளைக்கு வீட்டில ஆர் இருக்கினம்? நானும் அப்பிடி நிண்டவன்தான். கையைக் கட்டிக்கொண்டு, சீலிங்கைப் பாத்துக்கொண்டு. எங்கட அறிக்கையில "ஹொஸ்டைல்", பகையா நடக்கிறவர், எண்ட சொல்லு ஆறு இடத்தில இருந்தது. எண்ணினனான்.

சரியான பாதி இது: பொலிஸ் கேஸ் இன்னும் திறந்துதான் கிடக்கு. கொன்பரன்ஸில சொல்லுறது பொலிசுக்குப் போகலாம், சிலவேளை பொலிஸ் அங்கேயே இருக்கும். அதனால உங்கட மனுசன் வியாழனுக்கு முதல் ஒரு சொலிசிட்டரோட கதைக்கட்டும். பொலிஸ் கூப்பிட்டு விசாரிக்கேக்க, அது வொலண்டரி இன்டர்வியூவா இருந்தாலும், சொலிசிட்டர் இலவசம். அவர் கேட்டவரோ? எங்கட ஆக்கள் கேக்கிறேல்லை, கேட்டால் குற்றவாளி எண்டு நினைப்பினம் எண்டு ஒரு பயம்.

ஒண்டுமே சொல்லாமல் இருக்கிறது வேற, பிள்ளையைப் பொய்காரி ஆக்கிறது வேற. பொலிஸ் விசயத்தை சொலிசிட்டர் சொல்லுறபடி விட்டிட்டு, "இனி இந்த வீட்டில ஒருத்தரும் கை நீட்ட மாட்டம், அதுக்கு என்ன உதவி இருக்கு" எண்டு கதைக்கலாம்.

கோப்புக்கட்டு | திங்கள், மாலை 7.05

நான் வேறொரு கவுன்சிலில் சோசல் வேர்க்கராக இருக்கிறேன். உங்கள் கேஸைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. நடைமுறையை மட்டும் சொல்கிறேன்.

இங்கிலாந்தில் இதன் அடித்தளம் 1989ஆம் ஆண்டின் சில்ட்ரன் அக்ட். அதில் செக்சன் 17 என்பது உதவி தேவைப்படும் பிள்ளைக்கு. அது உங்கள் சம்மதத்தோடு நடப்பது. செக்சன் 47 என்பது பிள்ளைக்குப் பாரதூரமான தீங்கு நேர்ந்திருக்கலாம் என்று சந்தேகம் வரும்போது. அதற்கு உங்கள் சம்மதம் தேவையில்லை. அதனால்தான் பள்ளியில் வைத்துத் தனியாகப் பேசினார்கள். உங்களை அவமதிக்க அல்ல. 15 வயதுப் பிள்ளையைத் தகப்பன் முன்னால் வைத்து "அப்பா அடித்தாரா" என்று கேட்டால் கிடைக்கும் பதில் எதற்கும் உதவாது.

கொன்பரன்ஸ், அதற்கு முன் சோசல் வேர்க்கரும் பொலிசும் மற்றவர்களும் கூடிப் பேசிய ஸ்ட்ரட்டஜி கலந்துரையாடலிலிருந்து 15 வேலைநாட்களுக்குள் கூட வேண்டும். உங்களுக்கு மூன்று வாரம் என்பது அந்தக் கணக்கு. அங்கே தலைமை தாங்குபவர் உங்கள் சோசல் வேர்க்கரின் மேலதிகாரி அல்ல, அந்தக் கேஸுக்கு வெளியே உள்ளவர். பள்ளி, உடல்நலத் தரப்பு, பொலிஸ் இருப்பார்கள். கேள்வி ஒன்றுதான்: பிள்ளைக்கு சைல்ட் புரொடெக்சன் பிளான், அதாவது எழுத்திலான பாதுகாப்புத் திட்டம், தேவையா, தேவையானால் எந்த வகையில்? வகைகள் நான்கு: உடல், உணர்வு, பாலியல், புறக்கணிப்பு. ஒவ்வொருவரிடமும் கருத்துக் கேட்பார்கள். பெற்றோருக்கு அந்த முடிவில் வாக்கு இல்லை, பேச இடம் உண்டு. நீங்கள் போகாவிட்டாலும் கூட்டம் நடக்கும். உங்கள் நாற்காலி மட்டும் காலியாக இருக்கும்.

"கொண்டுபோவார்களா" என்ற கேள்விக்கு: கொன்பரன்ஸுக்குப் பிள்ளையை எடுக்கும் அதிகாரமே இல்லை. பொலிஸ் அவசரத்தில் 72 மணித்தியாலம் வரை பாதுகாப்பில் வைக்கலாம். அதற்கு மேல், உங்கள் சம்மதம் இல்லாமல் என்றால் நீதிமன்றம் வேண்டும். 2024 மார்ச் 31 அன்று இங்கிலாந்தில் ஏறத்தாழ 4 இலட்சம் பிள்ளைகள் உதவி தேவைப்படுவோர் பட்டியலில் இருந்தார்கள். அவர்களில் பிளானில் இருந்தவர்கள் சுமார் 50,000 பேர். பிளானில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானோர் வீட்டில்தான் இருக்கிறார்கள்.

மகனையும் அசெஸ்மென்டில், அதாவது மதிப்பீட்டில், சேர்ப்பார்கள். அவன் அந்த வீட்டில் இருப்பவன், பார்த்தவன்.

அறிக்கை கைக்கு வந்ததா? வரவில்லையானால் நாளைக் காலையே கேளுங்கள். கூட்டத்துக்குள் வைத்து முதன்முதலாக வாசிக்கும் நிலைமை உங்களுக்கு வரக் கூடாது.

சாம்பல்நிறம் | திங்கள், மாலை 7.31

சோசல் வேர்க்கர் வேற எப்பிடிக் கதைப்பா? இங்கிலாந்தில பிள்ளையை அடிக்கிறது சட்டத்தில பிழையே இல்லை. அது தெரியுமோ?

கோப்புக்கட்டு | திங்கள், மாலை 7.44

தெரியும். ஸ்கொட்லாந்தில் 2020 நவம்பரிலும் வேல்ஸில் 2022 மார்ச்சிலும் முழுத்தடை வந்தது. இங்கிலாந்தில் "நியாயமான தண்டனை" என்ற வாதம் இன்னும் இருக்கிறது. ஆனால் 2004ஆம் ஆண்டு சில்ட்ரன் அக்ட்டின் செக்சன் 58 அதைச் சுருக்கிவிட்டது. காயம் ஏற்பட்டால் அந்த வாதம் எடுபடாது. சார்ஜர் வயரும் தடித்த தழும்பும் "நியாயமான தண்டனை"க்குள் அடங்கும் என்று நினைத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போகாதீர்கள்.

அப்ப14_இப்ப23 | திங்கள், இரவு 10.12

நான் மற்றப் பக்கத்தில இருந்தவள். 14 வயசில டீச்சரிட்டச் சொன்னனான். என்னத்துக்கெண்டது வேண்டாம்.

சொன்ன அண்டைக்கு நான் நினைச்சது, ஆரோ வந்து அப்பாவோட கதைப்பினம், அவர் நிப்பாட்டுவார், எல்லாம் சரியாகும் எண்டு. வீடு முழுக்கப் புரளுமெண்டு தெரியாது. அம்மா அழுதா. சித்தி போன் எடுத்து "உன்னால அப்பா ஜெயிலுக்குப் போகப்போறார்" எண்டா. ரெண்டாம் கிழமை நான் போய், பொய் சொன்னனான் எண்டு சொல்லிப்போட்டன். எல்லாரும் நிம்மதியா மூச்சு விட்டினம். என்னைத் தவிர.

அவை நம்பேல்லை. பிள்ளை தான் சொன்னதைத் திருப்பி எடுக்கிறதும் அவையின்ர கணக்கில ஒரு அடையாளம்தான். கேஸ் நீண்டுது.

அக்கா, உங்கட மகள் முகம் குடுக்காதது கோவத்தில எண்டு நினைக்கிறீங்கள். அவள் இப்ப ஒவ்வொரு நாளும் உங்கட முகத்தைப் பாத்து "நான் குடும்பத்தை உடைச்சிட்டனோ" எண்டு கணக்குப் பாத்துக்கொண்டிருப்பாள். "ஏன் சொன்னனி" எண்டு கேக்காதேங்கோ. "சொன்னது பிழையில்லை" எண்டு ஒருக்காச் சொல்லுங்கோ. நான் ஒம்பது வருசமா அந்த வசனத்துக்குக் காத்திருக்கிறன்.

பி.கு.: எனக்கு ஒண்டரை வருசத்தில நாலு சோசல் வேர்க்கர். நாலு பேருக்கும் முதல்ல இருந்து கதை சொன்னனான். மூண்டாவது ஆளின்ர பேர் கூட ஞாபகமில்லை. அவையைப் பற்றி நல்லதா மட்டும் சொல்லுறன் எண்டு நினைக்க வேண்டாம்.

மதியவெயில் | செவ்வாய், காலை 9.50

நான் தமிழ்நாட்டுப் பக்கம், இங்க வந்து பதினோரு வருஷம். உங்க எல்லார் கதையையும் படிச்சா எனக்கு சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வருது. உங்க வீட்டுக்குக் கூப்பிடாம வர்றாங்க. நான் எட்டு மாசம் கூப்பிட்டேன், வரல.

பையனுக்கு 16 ஆகப் போகுது. போன வருஷம் புது ஷூ, ரெண்டாவது போன், ராத்திரி வீட்டுக்கு வராம இருக்கிறது, பாக்கெட்ல எங்கேயோ இருக்கிற ஊருக்கு ரயில் டிக்கெட். கவுன்சிலுக்கு போன் பண்ணினா "த்ரெஷோல்ட் மீட் ஆகல", அதாவது அவங்க தலையிடற அளவுக்கு இல்லையாம். இந்த வார்த்தையை நான் தூக்கத்துல கூட சொல்வேன். அம்மா கவலைப்படறாங்கன்னு எழுதி மூடிட்டாங்க.

போன்ல அழறதை நிறுத்திட்டு எழுத்துல கேக்க ஆரம்பிச்ச பிறகுதான் நகர்ந்துச்சு. "சில்ட்ரன் அக்ட் 1989 செக்சன் 17 படி என் மகனுக்கு அசெஸ்மென்ட் கேக்கிறேன்"னு ஒரு ஈமெயில். கீழ தேதி தேதியா: எத்தனை மணிக்கு போனான், எத்தனை மணிக்கு வந்தான், என்ன கொண்டு வந்தான், போலீஸ் ரெஃபரன்ஸ் நம்பர். அட்ஜெக்டிவ் ஒண்ணு கூட இல்லாம. கவுண்டி லைன்ஸ், அதாவது பிள்ளைங்களை வச்சு ஊர் விட்டு ஊர் போதைப்பொருள் கடத்தறதுன்னு நான் எழுதவே இல்ல, அவங்களே படிச்சுட்டு சொல்லட்டும்னு விட்டேன். ரெஃபரல் வந்தா ஒரு வேலைநாளுக்குள்ள என்ன செய்யறதுன்னு முடிவு பண்ணணும், அசெஸ்மென்ட் 45 வேலைநாளுக்குள்ள முடியணும். அதையும் மரியாதையா ஒரு வரில ஞாபகப்படுத்தினேன்.

இன்னொண்ணு. காணாமப் போய் திரும்பி வந்த பிள்ளைகிட்ட 72 மணி நேரத்துக்குள்ள தனியா ஒருத்தர் பேசணும், ரிட்டர்ன் ஹோம் இன்டர்வியூன்னு பேர். அது அவன் உரிமை. மூணு தடவை காணாமப் போயும் ஒருத்தரும் வரல. நாலாவது தடவை நான் அந்தப் பேரைச் சொல்லிக் கேட்டேன், வந்தாங்க. வந்த பொண்ணுகிட்ட அவன் நாப்பது நிமிஷம் பேசினான். எங்கிட்ட ஆறு மாசமா நாலு வார்த்தை பேசாதவன். கதவுக்கு இந்தப் பக்கம் உக்காந்து எனக்குப் பொறாமையா இருந்துச்சு, உண்மையைச் சொல்றேன்.

அப்புறம் அவனை சுரண்டலுக்கு ஆளான பிள்ளைன்னு நேஷனல் ரெஃபரல் மெக்கானிசத்துக்கு, இப்படி சுரண்டப்பட்டவங்களை அடையாளம் காணற அரசாங்க ஏற்பாட்டுக்கு, அனுப்பினாங்க. அதுவரைக்கும் அவன் பள்ளிக்கூடத்துக்கு "பிரச்சனை பண்ற பையன்". அந்த ஒரு பேப்பருக்குப் பிறகு பேசற தொனியே மாறிச்சு.

மூன்றாம்மாடி | செவ்வாய், இரவு 9.15

எல்லாருக்கும் நன்றி. அறிக்கை இண்டைக்கு வந்திட்டுது. 14 பக்கம். கூகிளில போட்டுப் போட்டு வாசிச்சன்.

நடுங்குது எனக்கு. "தாய் கொலை செய்வதாக அச்சுறுத்தியுள்ளார்" எண்டு கிடக்கு. நான்! ஓம், அண்டைக்குக் கத்தேக்க "கொண்டுபோடுவன்" எண்டு சொன்னனான்தான். எங்கட அம்மா என்னை ஒரு நாளைக்கு நாலு தரம் சொல்லியிருப்பா. "தோலை உரிப்பன்", "காலை முறிப்பன்", ஆரின்ர தோல் இதுவரைக்கும் உரிஞ்சது? அதோட இன்னொரு இடத்தில, தாய்க்கு விளங்கப்படுத்தினபோது எல்லாத்துக்கும் சம்மதம் தெரிவிச்சா, ஆனால் பிறகு ஒண்டும் செய்யேல்லை எண்டு எழுதியிருக்கு. நான் எங்க சம்மதிச்சன்? போனில மொழிபெயர்ப்பாளர் கதைக்கேக்க "ஓம், ஓம்" எண்டு கேட்டுக்கொண்டு இருந்தனான்.

நைட்ஷிப்ட்_அப்பா | செவ்வாய், இரவு 9.40

அந்த "ஓம்" இருக்கே, அது என்னையும் விழுத்தினது. நாங்கள் ஓம் எண்டால் "கேட்டுக்கொண்டிருக்கிறன், சொல்லுங்கோ" எண்டு அர்த்தம். அவை "யெஸ்" எண்டு எழுதுவினம். பேந்து செய்யாட்டி அதுக்கு ஒரு பேர் வச்சிருக்கினம், டிஸ்கைஸ்ட் கம்ப்ளையன்ஸ். மேலுக்குத் தலையாட்டி உள்ளுக்கு ஏமாத்திறதாம். நான் அதைக் கூகிள் செய்து பாத்த அண்டைக்குத்தான் எனக்கு முதல்முதலா அவையில கோவம் வந்தது, அதுக்கு முதல் பயம் மட்டும்தான்.

அதுக்குப் பிறகு நான் ஓம் சொல்லுறதை விட்டிட்டன். "நீங்கள் சொன்னது எனக்கு இப்பிடி விளங்குது" எண்டு திருப்பிச் சொல்லுவன். வீட்ட வந்து அண்டைக்கே ஒரு ஈமெயில்: இண்டைக்கு நீங்கள் கேட்டது இது, நான் செய்யிறன் எண்டது இது, செய்யேலாது எண்டது இது. இங்கிலிஸ் பிழைதான், பரவாயில்லை. ஆறு மாசத்துக்குப் பிறகு புது ஆள் வந்து கோப்பைப் பிரிக்கேக்க என்ர வசனமும் அதுக்குள்ள இருந்தது.

கோப்புக்கட்டு | செவ்வாய், இரவு 10.02

நாளைக் காலை மூன்று காரியம். அறிக்கையில் பிழையான தகவல்களைப் பக்க எண்ணோடு எழுதி சோசல் வேர்க்கருக்கும் தலைவருக்கும் அனுப்புங்கள். பிழை என்றால் பெயர், தேதி, நடந்தது. "என்னைப் பற்றி இப்படி நினைக்கிறார்கள்" என்பது கருத்து, அதை அழிக்க மாட்டார்கள். உங்கள் மறுப்பைப் பக்கத்தில் பதியச் சொல்லலாம்.

போன் மொழிபெயர்ப்பு வேண்டாம், நேரில் ஒருவர் வேண்டும் என்று கேளுங்கள். அவர் உங்களுக்குத் தெரிந்தவராக, கோயிலில் சந்திப்பவராக இருந்தால் வேறு ஆளைக் கேட்கத் தயங்க வேண்டாம். எந்த நிலையிலும் மகளை மொழிபெயர்க்க விடாதீர்கள்.

"கொன்றுபோடுவேன்" விடயத்தில், அது தமிழில் எப்படிப் பாவிக்கப்படும் சொல் என்று மொழிபெயர்ப்பாளரிடமே விளக்கச் சொல்லுங்கள். நியாயமான கோரிக்கைதான் அது. அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அப்ப14_இப்ப23 | செவ்வாய், இரவு 10.20

அதோட நிப்பாட்டோணும் எண்டுறதுக்குக் காரணம் நான் சொல்லுறன். எனக்கும் அது பழமொழி மாதிரி ஒரு சொல்லெண்டு தெரியும். தமிழ்ப் பிள்ளையள் எல்லாருக்கும் தெரியும். ஆனா அப்பாவின்ர கையில வயர் இருக்கேக்க, பக்கத்தில நிண்டு அம்மா அதைச் சொன்னா அண்டைக்கு அது வெறும் சொல்லில்லை.

மூன்றாம்மாடி | செவ்வாய், இரவு 11.33

வாசிச்சிட்டுக் கன நேரம் இருந்தன். நான் அண்டைக்கு அவரைத் தடுக்கேல்லை. அதை ஒருத்தரும் இன்னும் கேக்கேல்லை. அறிக்கையிலயும் இல்லை.

மதியவெயில் | புதன், காலை 8.05

மூன்றாம்மாடி, அந்த ஒரு வரியை நாளைக்கு நீங்களே சொல்லிடுங்க. அவங்க கண்டுபிடிச்சு எழுதறதுக்கு முன்னாடி. சொலிசிட்டர்கிட்ட மட்டும் முதல்ல கேட்டுக்கோங்க.

நைட்ஷிப்ட்_அப்பா | புதன், காலை 8.30

ஒண்டு சொல்ல மறந்திட்டன், அவசரம். "கொஞ்ச நாளைக்குப் பிள்ளையை வேற இடத்தில வைப்பம், எல்லாருக்கும் ரெஸ்ட்" எண்டு ஒரு கடதாசி நீட்டினால் அது செக்சன் 20. நான் ரெண்டு கிழமை எண்டு நினைச்சுக் கையெழுத்து வச்சனான். ஏழு மாசம். சட்டப்படி அது உங்கட விருப்பத்தில நடக்கிறது, பொறுப்புரிமை உள்ள தாய் தகப்பன் எந்த நேரமும் கூட்டிக்கொண்டு வரலாம், நோட்டீஸ் தேவையில்லை. அதை எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை, நானும் கேக்கேல்லை. 16 ஆனால் பிள்ளை தானே "நான் இங்கதான் நிக்கப்போறன்" எண்டு சம்மதிக்கலாம், அப்ப உங்களால மறிக்கேலாது. என்ர மகனுக்கு அந்த ஏழு மாசத்துக்குள்ள 16 ஆனது.

செக்சன் 20 கெட்டதெண்டு சொல்லேல்லை. சில வீட்டுக்கு அது தேவை. விளங்காமல் வைக்கிறதுதான் பிழை. ஃபாமிலி ரைட்ஸ் குறூப் எண்டு ஒரு சரிட்டி இருக்கு, இலவசமா போனில ஆலோசனை சொல்லுவினம், இந்த வேலைக்கெண்டே. எனக்கு அதை எட்டாம் மாசம்தான் ஒருத்தர் சொன்னார்.

கோப்புக்கட்டு | புதன், காலை 8.52

சரியாகச் சொல்லியிருக்கிறார். கூடவே ஒன்று: "லெட்டர் பிஃபோர் புரொசீடிங்ஸ்" என்று, நீதிமன்றம் போக யோசிக்கிறோம் என்று கவுன்சில் அனுப்பும் கடிதம் எப்போதாவது வந்தால், வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெற்றோருக்கு இலவச சட்ட உதவி உண்டு. அதை மேசையில் வைத்துவிட்டு நான்கு நாள் அழுதவர்களைக் கண்டிருக்கிறேன். அழுதுகொண்டே சொலிசிட்டருக்கு போன் எடுங்கள்.

சாம்பல்நிறம் | புதன், மாலை 6.10

நான் எழுதினது கூடிப்போச்சு. என்ர அக்காவின்ர பிள்ளையை 2016 இல கோர்ட்டால எடுத்தவை, அதுக்குப் பிறகு இந்தப் பேரைக் கேட்டாலே எனக்குத் தலை வெடிக்கும். அக்கா ஒரு கூட்டத்துக்கும் போகேல்லை. போகாதை எண்டு சொன்னது நான்தான்.

மூன்றாம்மாடி | வெள்ளி, அதிகாலை 1.15

நடந்ததைச் சொல்லுறன், நித்திரை வரேல்லை.

இவர் வந்தவர். நைட்ஷிப்ட் அண்ணா புதன் இரவு அவரோட ஒரு மணித்தியாலம் கதைச்சிருக்கிறார், என்ன கதைச்சவை எண்டு ரெண்டு பேரும் சொல்லினமில்லை. சொலிசிட்டர் சொன்னபடி, அந்த நாளில நடந்ததைப் பற்றி இவர் ஒண்டும் கதைக்கேல்லை. "இனிக் கை நீட்ட மாட்டன், வகுப்பு இருந்தால் வாறன்" எண்டது மட்டும்தான். குரல் கொஞ்சம் உடைஞ்சுது.

நான் சொலிசிட்டரிட்டக் கேட்டிட்டுச் சொன்னன். நான் பக்கத்தில நிண்டனான், தடுக்கேல்லை, அதுக்கு எனக்கு ஒரு சாட்டும் இல்லை எண்டு. மொழிபெயர்க்க வந்த பிள்ளை ஒரு கணம் நிண்டுட்டுத்தான் சொன்னா.

மகள் வரேல்லை. அட்வகேட் எண்டு, வக்கீல் இல்லை, பிள்ளைக்காகக் கதைக்கிற ஒரு ஆள் அவளின்ர கடிதத்தைக் கொண்டுவந்து வாசிச்சவ. பாதி சோதினை பற்றி, மற்றப் பாதி போன் பற்றி. கடைசியில, "அப்பா வீட்டுக்கு வரோணும். ஆனா காருக்குள்ள கத்த வேண்டாம், காருக்குள்ள எனக்கு எழும்பிப் போகேலாது" எண்டு. அடி பற்றி அவள் எழுதினது ஒரு வரிதான். காரைப் பற்றி நாலு வரி. தியேட்டருக்குப் போகேக்க, ரியூசனால வரேக்க, எத்தனை தரம் அந்தக் காருக்குள்ள நாங்கள் ரெண்டு பேரும் கத்தியிருக்கிறம். எனக்கு அது ஒரு விசயமாவே தெரிஞ்சதில்லை.

பிளான் போட்டிருக்கு, உடல் எண்ட வகையில. மகனுக்கும். முதல் ரிவ்யூ மூண்டு மாசத்துக்குள்ள. இவர் இன்னும் தம்பியார் வீட்டிலதான், கிழமையில ரெண்டு நாள் வந்து பிள்ளையளைப் பாக்கலாம், நான் கூட இருக்கோணும்.

வீட்ட வந்து மகளின்ர அறைக் கதவில தட்டினன். முந்தி நான் தட்டுறேல்லை. "சொன்னது பிழையில்லை" எண்டு சொன்னன். "சரி" எண்டாள். போனை விட்டுக் கண் எடுக்கேல்லை. அவ்வளவுதான் நடந்தது.

அப்ப14_இப்ப23 | வெள்ளி, காலை 7.40

அந்தச் "சரி" போதும் அக்கா.

மூன்றாம்மாடி | வெள்ளி, காலை 10.25

ஒரு கேள்வி. கோர் குறூப் எண்டு, பிளானை நடத்துற சின்னக் குழுவின்ர கூட்டம் ஒண்டு பத்து வேலைநாளுக்குள்ள வைப்பினமாம். அதுக்கும் நேரில மொழிபெயர்ப்பாளர் வேணுமெண்டால் ஆரிட்டச் சொல்லோணும்? அதே பிள்ளையைக் கேக்கலாமோ?

கோப்புக்கட்டு | வெள்ளி, மதியம் 12.50

கேட்கலாம். சோசல் வேர்க்கருக்கு இன்றைக்கே ஈமெயில் போடுங்கள், திங்கள் வரை விடாதீர்கள். வெள்ளி மாலைக்குப் பிறகு ஒருவரும் புக்கிங் செய்ய மாட்டார்கள்.